அந்த 14 ஜிபி பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் 118 ஜிபி நிரம்பியிருந்தது. எங்கள் கணினிக் கடையில் எஸ்எஸ்டி என்ற வேகமான புது வகை டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு 104 ஜிபி. "மிச்சத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார், குடும்பப் படங்கள் ஜாக்கிரதை" என்று கீழே எழுதியிருக்கிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "என்ன அண்ணே இது?" என்று கேட்டீர்கள். கேட்கத் தயங்கியவர்களும் இருப்பீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

படத்தில் இருக்கும் இரண்டு எண்களும் சரிதான். ஆனால் ஒரு கோப்புகூடக் குறையவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் உட்படப் பல கருவிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றை வைத்திருப்பவர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு வந்தார்கள். முன்பே லினக்ஸில் இருந்தவர்கள் ஹார்ட் டிஸ்க் தேய்ந்துபோய் எஸ்எஸ்டிக்கு மாற வந்தார்கள். நிறுவியிருக்கும் லினக்ஸை அப்படியே புது டிஸ்க்குக்குக் கொண்டுபோகும்போது, இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமையிலிருந்து, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையிலிருந்து, பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற இன்னொரு முறைமைக்கும் மாற்றிக் கொடுக்கிறோம். இஎக்ஸ்டி4 நல்ல முறைமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிஸ்க் கெட்டு ஒரு கோப்புக்குள் தரவு மாறிப்போனால் அதற்குத் தெரியாது. கெட்டதையே எடுத்து நீட்டும். பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தவில்லை என்றால் உடனே பிழை காட்டும். ஒரே டிஸ்க் இருக்கும்போது அதனால் கெட்டதைச் சரிசெய்ய முடியாதுதான், ஆனால் காப்புப் பிரதி கையில் இருக்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். அப்டேட் போடும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து வைத்தால், ஏதாவது கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும்.

சரி, அந்த 14 ஜிபி எங்கே? பிடிஆர்எஃப்எஸ்ஸில் 'இசட்எஸ்டிடி' என்ற சுருக்க முறையை நாங்கள் இயக்கி வைக்கிறோம். கோப்பை எழுதும்போது அதுவே சுருக்கி எழுதும், திறக்கும்போது அதுவே விரித்துக் கொடுக்கும். பாயைச் சுருட்டி வைத்தால் இடம் மிச்சம். பாயில் ஒரு கோரைகூடக் குறையாது. கோப்புறையை வலது கிளிக் செய்து அதன் அளவைப் பாருங்கள், பழைய கணக்கே வரும். டிஸ்க் மொத்தத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால் சுருங்கிய கணக்கு வரும். அந்தப் படத்தில் இருப்பது இரண்டாவது கணக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செல்போனில் எடுக்கும் ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை இசட்எஸ்டிடியால் மேலும் சுருக்க முடியாது. சுருங்கியது மென்பொருள்களும், கணினி தன் வேலைகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்புகளும், அந்த டிஸ்க்கின் உரிமையாளர் வைத்திருந்த பெரிய டிசைன் கோப்புகளும்தான். குடும்பப் படங்கள் பழைய டிஸ்க்கில் பிடித்த இடத்தையேதான் இங்கேயும் பிடித்திருக்கின்றன.

வெறும் வாயால் சொல்லவில்லை. அந்த வாடிக்கையாளரை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு டிஸ்க்கையும், கோப்புகளை நகலெடுக்கவும் ஒப்பிடவும் உதவும் ஆர்சிங் (rsync) மென்பொருளில் உள்ளடக்கம் வரை ஒப்பிட்டோம். மூன்று மணி நேரம் ஆனது. மாறியிருந்தவை நாங்கள் திருத்திய சில அமைப்புக் கோப்புகளும், பிறகு அவரே சேர்த்தவையும் மட்டுமே. அவர் தன் குழுவிலிருந்து பதிவை நீக்கிவிட்டார். மற்ற குழுக்களுக்குப் போனதை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை.

தாமதம், விலை என்று எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். அடுத்தவர் வீட்டுப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டேன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. பிள்ளைகளின் முதல் பிறந்தநாளும், காலமான பெரியவர்களின் குரலும் என் மேசைக்கு வந்துபோகின்றன. அதை அறிந்துதான் வேலை முடிந்ததும் பழைய டிஸ்க்கை உறையில் போட்டு உங்கள் கையிலேயே தருகிறோம்.

"காப்பி பேஸ்ட் வேலைக்கு ஒரு நாளா?" என்ற கேள்வியும் வந்தது. டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் பழைய கோப்பு முறைமையும் கூடவே வரும். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் அமைந்து குழப்பமாகும். ஆகவே கணினியைப் பென்டிரைவிலிருந்து தொடங்கி (பூட் செய்து), யார் எதைத் திறக்கலாம் என்ற உரிமைகளும் கோப்புகளுக்கு இடையேயான இணைப்புகளும் மாறாமல் கோப்புகளைக் கொண்டுபோகிறோம். எந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் புது அடையாள எண்ணை எழுதி, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பைப் புது டிஸ்க்கில் நிறுவ வேண்டும். அப்புறம் சோதனை. மூன்று கணினிகளில் எஃப்எஸ்டேப்பில் பழைய டிஸ்க்கின் வரி ஒன்று தங்கிவிட்டதால், வீட்டில் அந்தப் பழைய டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, முழுதாகத் தொடங்காமல் எமர்ஜென்சி மோடுக்குப் போயின. நேரில் வந்து சரிசெய்து கொடுத்தோம், வருந்துகிறோம். இப்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இரண்டு முறை பூட் செய்து பார்த்த பிறகே ஒப்படைக்கிறோம்.

இந்த இரண்டு வாரத்தில் எங்களுக்காகப் பேசியவர்களை மறக்க மாட்டேன். "எங்கள் அலுவலகக் கணினிகள் எல்லாம் அங்கேதான் மாறின, ஒன்றும் போகவில்லை" என்று குழுவில் எழுதிய ஆடிட்டர் ஐயாவுக்கும், படத்தைப் பார்த்த மறுநாளே இன்னொரு மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்த டீச்சர் அம்மாவுக்கும், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேசிய உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தீபாவளி நேரத்தில்கூட அவசரப்படுத்தாமல் காத்திருந்தவர்கள் நீங்கள்.

எஸ்எஸ்டி, ராம் விலை ஏறியிருப்பதை அறிவீர்கள். எங்களிடம் இருந்த தம்பியும் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வரும் 1-ஆம் தேதி முதல் டிஸ்க் மாற்றும் கூலி 600 ரூபாய்க்குப் பதில் 850, ஒப்படைக்க இரண்டு நாள்.

ஏற்கெனவே மாற்றிக்கொண்டவர்களுக்குச் சின்னச் சந்தேகம் இருந்தாலும் கணினியையும் பழைய டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் எதிரிலேயே ஒப்பிட்டுக் காட்டுகிறேன், அதற்குக் காசு வேண்டாம். மாலை 6 மணிக்கு மேல் வந்தால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்