லிவ் உல்மனுக்கு நீங்க சாத்துன கதவு: ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்கர் அகாடமி உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்வீடன் டைரக்டர் இங்மார் பெர்க்மன் எடுத்து, லிவ் உல்மன் நடிச்ச ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’ பத்தித்தான் இந்த மடல். அம்பது வருஷத்துக்கு முந்தின விஷயத்தை இப்ப எதுக்குக் கிளறணும்னு உங்களுக்குத் தோணலாம், ஆனா அன்னைக்கு அந்தப் படத்தை வெளிய நிறுத்துன ரூல் இன்னைக்கும் உங்ககிட்ட உசுரோட இருக்கு, அதான் எழுதுறேன்.

1973ல ஸ்வீடன் டிவில அது ஆறு எபிசோடா வந்துச்சு. அதை பெர்க்மனே மூணு மணி நேரத்துக்குள்ள சுருக்கிக் குடுத்து 1974ல அமெரிக்காவுல தியேட்டர்ல ரிலீஸ் ஆச்சு. நியூயார்க் விமர்சகர்கள் சிறந்த நடிகைன்னு லிவ் உல்மனுக்குக் குடுத்தாங்க, கோல்டன் குளோப்ல சிறந்த வெளிநாட்டுப் படம்னு குடுத்தாங்க. நீங்க என்ன சொன்னீங்க? டிவில முன்னாடியே வந்துருச்சு, போட்டிக்கே தகுதி இல்லைன்னுட்டீங்க. ஃபெல்லினி, ஃப்ராங்க் காப்ரா மாதிரி பெரிய டைரக்டருங்க சேர்ந்து லெட்டர் எழுதிக் கேட்டும் நீங்க அசையல.

எதைத் தள்ளி வச்சீங்கன்னு ஒரு தடவை பாருங்க. மூணாவது எபிசோட்ல புருஷன் யோஹான் ராத்திரி திடீர்னு கிராமத்து வீட்டுக்கு வர்றான், அவன் பொண்டாட்டி மரியான், அதாவது லிவ் உல்மன், சந்தோஷமா சாப்பிட எடுத்து வைக்கிறா, அவன் எனக்கு பவுலான்னு ஒரு பொண்ணு மேல காதல், நாளைக்கே அவளோட பாரிஸ் போறேன்னு சொல்றான். அவ உடனே கத்தல, சண்டை போடல, அவன் கூடவே நின்னு பெட்டி அடுக்கக்கூட ஒத்தாசை பண்றா, அவ முகத்துல ஒண்ணொண்ணா இடிஞ்சு விழறது மட்டும் நமக்குத் தெரியுது. விடிஞ்சதும் போகாதன்னு கெஞ்சறா, அவன் போயிடறான். அப்பறம் ஒரு ஃப்ரெண்டுக்கு போன் போட்டா, இவங்க கூட்டத்துல எல்லாருக்கும் இது முன்னாடியே தெரியும்னு அப்பத்தான் அவளுக்குத் தெரிய வருது. புருஷன் துரோகம் பண்ணதை விட இதுதான் எனக்கு தாங்க முடியல, ஊரே தெரிஞ்சு வச்சுக்கிட்டு அவ வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். மரியான் ஒரு விவாகரத்து வக்கீல். ரெண்டாவது எபிசோட்ல வயசான ஒரு அம்மா அவகிட்ட வந்து, புருஷன் நல்லவர்தான், எந்தக் குறையும் இல்ல, ஆனா இந்தக் கல்யாணத்துல அன்புங்கறதே இல்ல, அதனால விவாகரத்து வேணும்னு நிதானமா சொல்றாங்க, இந்த மேஜையைத் தொட்டாக்கூட எனக்கு சரியா உறைக்க மாட்டேங்குதுன்னு மேஜை மேல கைய வச்சுக் காட்டறாங்க. எதிர்ல உக்காந்திருக்கற மரியான் அதிகமா பேசல, தன்னோட வீட்டைப் பத்தித்தான் இந்த அம்மா பேசுதோன்னு ஒரு பயம் மட்டும் அவ கண்ணுல வந்துட்டுப் போகுது, வேற நடிகைங்க பக்கம் பக்கமா வசனம் பேசியும் கொண்டுவர முடியாததை லிவ் உல்மன் சும்மா கேட்டுக்கிட்டே கொண்டுவர்றாங்க. படம் முழுக்க ரூமுக்குள்ள ரெண்டு பேர் பேச்சுதான், கேமராமேன் ஸ்வென் நிக்விஸ்ட் 16 எம்எம் கேமராவுல முகத்துக்கிட்டயே நிக்கறார். இது சினிமா நடிப்பு இல்லைன்னு உங்க நடிகர் பிரிவுல யாராவது சொல்வாங்களா?

சரி, ரூல்னா ரூல்தான்னு வச்சுக்குவோம். அப்ப ‘ஃபேஸ் டு ஃபேஸ்’? அதுவும் பெர்க்மன் டிவிக்காக நாலு பாகமா எடுத்ததுதான், ஆனா 1976ல தியேட்டருக்கு முதல்ல வந்துருச்சு, அதுக்கு லிவ் உல்மனை நாமினேட் பண்ணீங்க. ‘ஃபேனி அண்ட் அலெக்ஸாண்டர்’? அஞ்சு மணி நேர டிவி வடிவம் ஒண்ணு, மூணு மணி நேர தியேட்டர் வடிவம் ஒண்ணு, 1982ல தியேட்டர் முந்திக்கிச்சு, நாலு ஆஸ்கர் குடுத்தீங்க. அதே டைரக்டர், அதே கேமராமேன், எது முந்துச்சுங்கறது மட்டும்தான் வித்தியாசம். அதுக்காக ஒரு படத்துக்கு நாலு ஆஸ்கர், இன்னொண்ணுக்கு வாசல்லயே தடையா? நடிப்பைப் பாத்து முடிவு பண்ணுங்கன்னா காலண்டரைப் பாத்து முடிவு பண்ணியிருக்கீங்க.

கொரோனா வந்தப்ப, தியேட்டர் ரிலீஸ் பிளான் பண்ணியிருந்த படம் நேரா ஓடிடில வந்தாலும் ஏத்துக்கறோம்னு தற்காலிகமா தளர்த்துனீங்க, அது நியாயமான முடிவு. வேணும்னா உங்களால முடியும்னுதானே அர்த்தம்.

2022ல லிவ் உல்மனுக்கு கௌரவ ஆஸ்கர் குடுத்தீங்க, மனசார நன்றி. ஆனா அது அவங்க வாழ்நாள் உழைப்புக்கு, மரியானுக்கு இல்ல. யோஹானா நடிச்ச எர்லாண்ட் யோசெஃப்சன் 2012லயே போய்ட்டார், அவருக்கு இனி யாரும் எதுவும் குடுக்கவும் முடியாது.

நான் கேக்கறது இவ்வளவுதான். டிவில முதல்ல வந்த ஒண்ணை அதோட டைரக்டரே படமா சுருக்கி முறையா தியேட்டர்ல ரிலீஸ் பண்ணா, நடிப்புக்கான விருதுக்காவது அதை எடுத்துக்கலாமான்னு உங்க நடிகர் பிரிவு முடிவு பண்ணட்டும், ரூல் புத்தகம் முடிவு பண்ண வேணாம். 1974க்கான விருதுல இந்த ரெண்டு பேரும் எதனால போட்டிக்கே வரலைங்கறதை உங்க ஆவணத்துல எழுதி வைங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல நீங்க நடத்துற மியூசியத்துல இந்தப் படத்தைப் போடறதா இருந்தா சுருக்குனதைப் போடாம ஆறு எபிசோடையும் முழுசாப் போடுங்க, அந்த வயசான அம்மா மேஜையைத் தொடற சீன் ஒரு ஃப்ரேம் கூட குறையக்கூடாது.

இப்படிக்கு,
லிவ் உல்மன் ரசிகன்