மாடியில் ஒரு காது

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மகள் நல்லபடியாக வந்து சேர்ந்ததில் மிகவும் சந்தோஷம். ஆனால் அன்று ராத்திரி மைனி பட்ட பாட்டைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. துபாயிலிருந்து கிளம்பிய விமானத்தைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். ஓமன் கரை தாண்டியதும் முக்கால் மணி நேரம் போனில் இருந்த வரைபடத்தில் விமானமே இல்லை. மைனி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறாய். "யாரோ எவரோ வீட்டு மாடியில் ஏரியல் வைத்து அனுப்புகிற கணக்கை நம்பலாமா?" என்றும் கேட்டிருக்கிறாய். ஈத்தாமொழியில் அப்படி அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் மைனிக்குச் சொல்ல வேண்டியது. விமானம் தன் இடத்தை ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொண்டு, தன் அடையாள எண்ணோடு சேர்த்து, 1090 மெகாஹெர்ட்ஸில் வினாடிக்கு இரண்டு தடவை போலச் சொல்லிக்கொண்டே பறக்கிறது. அதற்குப் பூட்டும் இல்லை, ரகசியமும் இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். என்னிடம் இருப்பது டிவி பார்ப்பதற்காக வந்த ஒரு யுஎஸ்பி டாங்கிள், ராஸ்பெரி பை என்கிற கையடக்கக் கணினி ஒன்று, மாடியில் ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். கேட்டதை அது இணையத்தில் ஏற்றிவிடும். ஆனால் இந்த அலை நேர்கோட்டில்தான் வரும். சின்ன வயசில் நாம் இலங்கை வானொலி கேட்டது மத்திய அலையில், அது வேறு கதை. 35,000 அடி உயரத்தில் போகும் விமானம் என்றாலும் சுமார் 400 கிலோமீட்டர் வரைதான் என் ஆன்டெனாவுக்குக் கேட்கும். அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். அரபிக்கடல் நடுவில் யார் வீட்டு மாடி இருக்கிறது? படத்தில் விமானம் இல்லை என்றால், அந்த இடத்தில் கேட்க ஆள் இல்லை என்பது மட்டும்தான் பொருள். செயற்கைக்கோளில் இருந்தபடி கேட்கிற ஏற்பாடு 2019 முதல் இருக்கிறது. ஆனால் அது காசு கொடுப்பவர்களுக்கு.

மறைந்துபோவதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சிக்னல் நின்ற பிறகும் விமானம் படத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும் பார், அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். கடைசியாகக் கேட்ட வேகம், திசை, போய்ச்சேர வேண்டிய ஊர் எல்லாவற்றையும் வைத்துக் கணினியே ஒரு உத்தேசக் கோடு போட்டு அதன்மேல் விமானத்தை நகர்த்தும். உத்தேசம்தான் என்று எங்காவது ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அது படுமா? கேட்டதையும் யூகித்ததையும் ஒரே மாதிரி வரைந்து காட்டுவது சரியில்லை என்பது என் கருத்து.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சம்பளமில்லாமல் செய்கிறவன் தருவது என்பதாலேயே ஒரு தகவலைத் தள்ளிவிடக் கூடாது. 2017 ஒக்கிப் புயல் நாள்கள் உனக்கு மறந்திருக்காது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைக் கோயில் பங்குகளில் (தேவாலயப் பங்குகளில்) எழுதிச் சேர்த்தார்கள். அரசு சொன்ன எண்ணும் அதுவும் ஒத்துப்போகவில்லை. எழுதியவர்களிடம் முத்திரையும் பதவியும் இல்லை. ஆனால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். இப்படி விமானங்களைப் படத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தை 2006-இல் ஸ்வீடனில் தொடங்கியவர்கள் விமானங்கள்மேல் ஆசை கொண்ட இரண்டு பேர்தான். ஆராய்ச்சிக்கென்று 2012-இல் வந்த ஓப்பன்ஸ்கை என்ற வலையமைப்பும் மாடி ஆன்டெனாக்களை நம்பித்தான் ஓடுகிறது.

ஆனால் எங்கள் பக்கமும் தவறு நடக்கும். என் தவறையே சொல்கிறேன். ஆசாரிப்பள்ளத்திலிருந்து இங்கே வீடு மாறியபோது கருவியையும் கொண்டுவந்தேன். ஆனால் பதிவில் பழைய வீட்டு இடத்தை மாற்றவே இல்லை. ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லாத பழைய டிரான்ஸ்பாண்டர் (விமானத்திலிருந்து சிக்னல் அனுப்பும் கருவி) உள்ள விமானங்களை வேறு வழியில்தான் கண்டுபிடிப்பார்கள். ஒரே சிக்னல் குறைந்தது நான்கு ரிசீவர்களுக்கு எந்தெந்த நொடித்துளியில் வந்தது என்று பார்த்து, அந்த வித்தியாசத்திலிருந்து இடத்தைக் கணக்கிடுவார்கள். ஒரு மைக்ரோவினாடியில் அலை 300 மீட்டர் போய்விடும். அப்படியானால் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகச் சொல்லும் ரிசீவர் கணக்கை என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பார். நல்லவேளை, இடம் தெரிந்த மற்ற விமானங்களை வைத்து ரிசீவர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. என்னுடையது ஒத்துப்போகவில்லை என்று ஒதுக்கிவைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் காரணம் புரியாமல் ஆன்டெனாவையும் ஒயரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் பழைய முகவரி கண்ணில் பட்டது. அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் நம்பிக்கை கூடியது. என் தவறை என்னைத் தெரியாத பக்கத்து ஊர்க்காரர்களின் கருவிகள் பிடித்துவிட்டன பார்.

சில நேரம் விமானமே தவறான இடத்தைச் சொல்லும். 2023 செப்டம்பர் முதல் இராக், ஈரான் எல்லைப் பக்கம் பறந்த பல விமானங்களைப் பொய்யான ஜிபிஎஸ் சிக்னல் ஏமாற்றியது. அந்த வருஷம் நவம்பரில் நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் இதுபற்றிச் சுற்றறிக்கை விட்டது. அப்போது கீழே கேட்கும் ரிசீவர் என்ன செய்யும்? பொய்யை எழுத்துப் பிசகாமல் அனுப்பும். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் நம் ஊர்க்காரர்கள், அந்தப் பக்கம் விமானம் திடீரென்று வேறெங்கோ தாவினால் பதறாமல் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயும் சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை நாலு இடத்திலிருந்து பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும். விமானம் என்ன சொன்னாலும் அலை வந்து சேரும் நேரத்தை அதனால் மாற்ற முடியாது.

அதனால் இப்போதெல்லாம் நான் ஒரு விமானத்தைப் பார்த்தால், இதை எத்தனை பேர் கேட்டார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் அங்கேதான் குறை, கேட்கிறவர்கள் போதவில்லை. எனக்குத் தெற்கே கடல் திறந்து கிடக்கிறது, கொழும்பு பக்கம் போகும் விமானங்கள்கூடத் தெளிவாகக் கேட்கும். வடக்கே மலை மறைக்கிறது. திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானம் ஆயிரம் அடிக்குக் கீழே வந்ததும் இந்த ஊர் நெட்டைத் தென்னைகளுக்கும் மேடுகளுக்கும் பின்னால் எனக்குக் கேட்காமல் போய்விடும். உன் மகள் வந்த விமானத்தின் கடைசி நிமிடங்களும் அப்படித்தான் போயிருக்கும்.

உன் மார்த்தாண்டம் வீடு மேட்டில் இருக்கிறது, திருவனந்தபுரமும் அங்கிருந்து பக்கம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு குழாய் நட இடம் கொடுப்பாயா? கருவியை நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன், கரண்ட் செலவு ஒரு சின்ன பல்புக்கு ஆவதுதான். உப்புக்காற்றில் என் கனெக்டர் ஒன்று துருப்பிடித்துப் போனது, உனக்கு அந்தத் தொல்லையும் இருக்காது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல், காலைப் பூசை முடிந்ததும் வந்துவிடுகிறேன். வீட்டு இடத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு தடவை சரிபார்த்துப் பதிவோம். மைனியையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

உன் கூட்டுக்காரன்,
ஈத்தாமொழி