மைசூர் போய்விட்டு வந்தோம்

கண்ணு,

போன வாரம் அக்கா குடும்பத்தோடு காரில் மைசூர் போய்விட்டு வந்தோம். நீலகிரிக்குள் நுழைய இப்போது இ-பாஸ் வேண்டும், மாப்பிள்ளை போனிலேயே எடுத்துவிட்டார். கனடாவில் பனி கொட்டுகிறதாமே, ராத்திரியில் நீ வண்டி ஓட்டாதே.

திரும்பும்போது தெப்பக்காட்டில் இறங்கி, முகாம் யானைகளுக்குச் சாயங்காலச் சாப்பாடு கொடுப்பதை அக்கா குழந்தைக்குக் காட்டினோம். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம் சேர்த்து, பெரிய உருண்டையாகப் பிடித்துப் பாகன் நேரே வாய்க்குள் வைக்கிறார். "நம்ம பையன் களி உருண்டையைப் பார்த்தாலே ஓடுவானே" என்று உன் அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள். அங்கே பழக்கமான ஒருவரிடம் பையன் கனடாவில் சொந்த வீடு வாங்கிவிட்டான் என்று நானும் பெருமையடித்தேன். அந்த வீட்டை எங்களுக்குப் போனில்கூடச் சுற்றிக் காட்டவில்லை நீ. ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். மருமகள் எப்போது கேட்டாலும் குளித்துக்கொண்டிருக்கிறாள். சரி, வேலை இருக்கும்.

அதற்கு முன்னால், பந்திப்பூர் காட்டுக்குள் வரும்போது எனக்குப் பேச்சே வரவில்லை. 2010-இல் நாம் அதே வழியில் வந்தோமே. அதற்கு முந்தைய வருஷம்தான் ராத்திரியில் வண்டி போகத் தடை வந்திருந்தது, 9 மணிக்கு கேட்டைப் போட்டால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள் என்று எனக்கு ஒரே பதற்றம். வயிற்றைப் பிரட்டுது, நிறுத்துங்கப்பா என்றாய். காட்டுக்குள் நிறுத்தக்கூடாது, போர்டைப் படிடா என்று கத்தினேன். வாயைப் பொத்திக்கொண்டே வந்து கடைசியில் அம்மா மடியில் வாந்தி எடுத்தாய், நான் ஓட்டிக்கொண்டே கையைப் பின்னால் வீசி அடித்தேன். அதற்குக் கால் மணி நேரம் முன்னால், ரோட்டோரம் நின்ற கொம்பன் யானையை ஹெட்லைட் வெளிச்சத்தில் போட்டோ எடுக்க நானே நிறுத்தினேன், கண்ணு. அங்கேயும்தான் போர்டு இருந்தது. நீ அதைச் சொல்லிக் காட்டவே இல்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி. மங்கலாக விழுந்த அந்தப் படத்தை ஹாலில் மாட்டி வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று கழற்றிவிட்டேன், அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

ராத்திரியில் வண்டி ஓட்டாதே. ஊட்டி வர்க்கி இரண்டு பாக்கெட் கொரியரில் போட்டிருக்கிறேன். ஒன்று மருமகளுக்கு. அவள் அங்கே இல்லையென்றால் இல்லை என்று சொல். நான் கத்த மாட்டேன்.

அப்பா