கறுப்புக் கம்பியைத் தடுத்த நான்காம் மாடி அங்கிளுக்கு

சனிக்கிழமை மாலை பாட்டு நின்றுபோகாமல் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும் வணக்கம். வெள்ளி இரவு, வசிப்போர் குழு அறையின் மினி செட்டுக்கு சப்வூஃபர் (அடிமட்ட பேஸ் ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) இணைக்கப்போய் செட்டே கெட்டுப்போகப் பார்த்தது நம் புளோக்கில் அனைவருக்கும் தெரியும். திரும்பச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். வசிப்போர் குழு அறையில் செட் பாடியது, பெரியவர்கள் எட்டரை மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அது போதும்.

முதல் நன்றி நான்காம் மாடி அங்கிளுக்கு. அங்கிள், உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதைப் படித்துச் சொல்ல ஆள் ஏற்பாடு செய்தாயிற்று.

அந்த மினி செட்டின் பின்பக்கத்தில் சப்வூஃபருக்கென்று தனித் துளை கிடையாது. ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கலாமென்றால், இந்த மாதிரிப் பெரும்பாலான செட்டுகளில் அதில் எதையாவது செருகியதுமே ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மிச்சமிருப்பது எல்லாரும் சொல்லும் வழி: ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இன்னொரு சோடி வயர் இழுத்து சப்வூஃபரின் ஹை லெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் வயரை நேரடியாக ஏற்கும் இடம்) கொடுப்பது. அந்த இன்புட்டின் தடை ஆயிரக்கணக்கான ஓம், ஆகவே செட்டுக்குச் சுமை ஏறாது. மெல்லிய வயரே தாராளம். முனைகளை ஒரு சென்டிமீட்டர் உரித்து, முறுக்கித் தயாராக வைத்திருந்த நேரத்தில்தான் வாசலிலிருந்து “வெயிட், வெயிட்!” என்று உங்கள் குரல்.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னீர்கள். மீட்டரின் (இரு முனைக்கு இடையே கம்பித் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் கருவி) ஒரு முள்ளை இடது ஸ்பீக்கரின் கறுப்பு முனையிலும் மற்றதை வலது கறுப்பிலும் வைத்தீர்கள். பீப் வரவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய 4டி லாட்டரிச் சீட்டை எடுத்து, அதன் பின்புறம் பேனாவால் நாலு கோடு போட்டுக் காட்டினீர்கள்.

இதே வேலையைச் செய்யப்போகும் மற்றவர்களுக்காக அந்த நாலு கோட்டின் அர்த்தம்: பழைய ஆம்ப்ளிஃபையர்களில் இரண்டு கறுப்பு முனைகளும் பெரும்பாலும் ஒரே கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட் பொது முனை), மீட்டர் பீப் என்று சொல்லிவிடும். இப்போது வரும் சிறிய கிளாஸ் டி (ஒரு வகை ஆம்ப்ளிஃபையர்) செட்டுகள் பலவற்றில் கறுப்பும் சிவப்பைப் போலவே உயிருள்ள முனை. 24 வோல்ட்டில் ஓடும் செட் என்றால், பாட்டே இல்லாதபோதும் இரண்டிலும் சுமார் 12 வோல்ட் நிற்கும். ஆனால் பல சப்வூஃபர்களுக்குள் இடது கறுப்பும் வலது கறுப்பும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். இணைத்து சுவிட்சைப் போட்டால் இடது, வலது இரண்டு சேனலும் கறுப்பு வழியாக ஒன்றோடொன்று மோதும். நல்ல செட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மற்றது சிப்பைக் கருக்கிக்கொள்ளும்.

நீங்கள் மாடிக்குப் போய்க் கொண்டுவந்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. ஒரு பக்கம் ஸ்பீக்கர் வயர், மறு பக்கம் ஆர்சிஏ (ஆடியோ கேபிள் செருகும்) துளை, உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். இரு பக்கத்துக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை. கார் சவுண்டு கடைகளில் லைன் கன்வெர்ட்டர் என்று விற்பவை எல்லாமே இப்படிப் பிரித்து வைப்பதில்லை. வாங்குமுன் கறுப்பு உள்ளீட்டுக்கும் ஆர்சிஏயின் வெளி வளையத்துக்கும் இடையே மீட்டர் வைக்க வேண்டும். பீப் வந்தால் இந்த வேலைக்கு ஆகாது. டிரான்ஸ்ஃபார்மர் சிறிதென்பதால் அடிமட்ட பேஸ் கொஞ்சம் மெலியும். பழைய பாட்டுக்கு அது ஒரு குறையே இல்லை.

ம்ம்ம் என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் போக்க பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றலாம் என்று யோசனை சொன்ன தம்பிக்கும் நன்றி. தம்பி, எங்கேயும் அதை மட்டும் செய்துவிடாதே. எர்த் இல்லாமல் உள்ளே ஒரு வயர் அவிழ்ந்தால், தொடும் கையில் ஷாக்காகத்தான் தெரியும். டப்பா போட்டதுமே இரைச்சலும் போய்விட்டது.

அடுத்து, அறைக்கு நேர் மேலே இரண்டாம் மாடி மக்சிக் (மலாய் ஆன்ட்டி). புகார் சொல்ல வருகிறார் என்று நினைத்தோம்; தன் வீட்டுக்குப் போய் நின்று, போனிலேயே “லாகி, லாகி, சுக்குப்” (இன்னும், இன்னும், போதும்) என்று அளவு சொன்னார். சப்வூஃபர் மூலையில் இருந்தபோது அவர் வீட்டுத் தரையே அதிர்ந்ததாம். இரண்டடி தள்ளி வைத்து, அடியில் ரப்பர் பாய் விரித்து, வால்யூம் குமிழை ஒன்பது மணி முள் நிலைக்கு இறக்கியதும் சரியானது. நாலங்குல ஸ்பீக்கர் என்பதால் கிராஸ்ஓவர் (எதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்கு என்ற எல்லை) 90 ஹெர்ட்ஸில். ஒலி அலையைப் புரட்டும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்ததில், உட்காரும் இடத்தில் தவில் கனமாகக் கேட்டது 180இல். கேபிளை எல்எஃப்இ என்று எழுதிய துளையில் செருகியிருந்தால் சப்வூஃபரின் கிராஸ்ஓவர் குமிழே வேலை செய்திருக்காது. அதைக் கவனித்துச் சொன்ன பாலிடெக்னிக் மாணவிக்கும், ரப்பர் பாய் தந்த வீட்டுக்கும், சிம் லிம் டவருக்கு ஓடி ஆர்சிஏ கேபிள் வாங்கி வந்தவருக்கும், கோப்பி ஓ (பாலில்லாக் காப்பி) வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்த பாட்டிக்கும் சேர்த்து நன்றி.

அங்கிள், டப்பாவுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டீர்கள். ஒரு ஹொக்கியன் பாட்டு போட்டால் போதும் என்றீர்கள். வரும் சனிக்கிழமை முதல் பாட்டு அதுதான். உங்கள் 4டி சீட்டு செட்டின் முதுகில் செலோடேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது, கோடு போட்ட பக்கம் வெளியே தெரியும்படி.