கூடலூரிலிருந்து, உச்ச நீதிமன்றம் பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளை ஐம்பது பேராக உயர்த்தினாலொழிய வழக்குகளின் தேக்கம் தீராது என்று எழுதியிருந்தீர்கள். மழை விடாமல் பெய்ததால் வீட்டிலேயே இருந்து உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உயர்த்துவதில் எனக்கும் சம்மதமே. கூடுதலாக வருபவர்கள் எந்த வேலைக்கு என்பதை முடிவு செய்யாமல் உயர்த்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1950இல் தலைமை நீதிபதியையும் சேர்த்து எட்டுப் பேர். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 34 இடங்கள். நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்தும் தேக்கம் கரையவில்லை, ஏனெனில் கீழ் நீதிமன்றத் தீர்ப்புகளை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்டு அரசியலமைப்பின் 136ஆம் பிரிவின்கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்களே பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

நீலகிரியில் உள்ள எங்கள் ஊர்க் கதையையே பாருங்கள். ஜன்மம் எனப்படும் பரம்பரை நில உரிமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தில் காடுகள் தொடர்பான பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் கூறியது. நாடாளுமன்றமோ 1974இல் அச்சட்டத்தை, நீதிமன்றங்கள் ரத்து செய்யாதபடி சட்டங்களைக் காக்கும் பட்டியலான அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. அவ்வாறு சேர்ப்பது செல்லுமா என்ற கேள்வி 1999இல் ஒன்பது நீதிபதிகளின் அமர்வுக்கு அனுப்பப்பட்டு, 2007 ஜனவரி 11 அன்றுதான் விடை பெற்றது. 1973 ஏப்ரல் 24க்குப் பின் அந்த அட்டவணையில் ஏறிய சட்டங்களை நாடாளுமன்றமும் மாற்ற முடியாத அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை உரைகல்லாகக் கொண்டு சோதிக்கலாம் என்ற அந்தத் தீர்ப்பு நாட்டுக்கே பெரிய கொடை. ஆயினும், அப்போது அனுமதிக்கப்பட்டிருந்த 26 இடங்களில் ஒன்பது பேரை ஒரே வழக்குக்கு ஒதுக்கினால் மற்ற வழக்குகள் காத்துக் கிடக்குமே என்ற நெருக்கடியில் இத்தகைய கேள்விகள் தள்ளிப்போவது எனக்கு வருத்தம் தருகிறது. புதிய இடங்களை, இத்தகைய அரசியலமைப்புக் கேள்விகளை மட்டும் விசாரிக்கும் நிரந்தர அமர்வுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது இடங்களைப் பதினைந்து வரை உயர்த்த முயன்றதைச் சுட்டி, இடங்களைக் கூட்டினால் ஆட்சியாளர்கள் தமக்கு வேண்டியவர்களை நிரப்பிவிடுவார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. அங்கே அதிபரே நீதிபதிகளைத் தேர்ந்து முன்மொழிகிறார். இங்கே பெயர்களைப் பரிந்துரைப்பது மூத்த நீதிபதிகளின் குழுவான கொலிஜியம் என்பதால் அந்த அச்சம் இங்கு அவ்வளவாகப் பொருந்தாது.

எனக்கு முக்கியமாகப் படுவது தூரம். கூடலூர்க்காரர் ஒருவர் டெல்லியில் தம் வழக்கைக் கேட்க வேண்டுமானால் மலையிறங்கிக் கோவை சென்று, ரயிலில் இரண்டு இரவுகள் கழிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு வெளியிலும் அமர அரசியலமைப்பின் 130ஆம் பிரிவு இடம் தருகிறது. சென்னை அல்லது ஹைதராபாத் உள்ளிட்ட நான்கு மண்டலங்களில் மேல்முறையீட்டு அமர்வுகள் வேண்டும் என்று சட்ட ஆணையமும் 2009இல் பரிந்துரைத்தது. உங்கள் ஐம்பது பேரில் பத்துப் பேரையாவது சென்னையில் அமர்த்த நீங்கள் சம்மதிப்பீர்களா? நீண்ட காலம் வழக்காடியவர் என்பதால் உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
கூடலூர் நண்பன்