இபோர் சிட்டியில் ஒரு சுருட்டுக் கடை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் அமெரிக்காவின் தம்பா நகரில் அக்கா வீட்டிற்கு வந்து பத்து நாட்களாகின்றன. எல்லோரும் சுகம். நீ கடைசியாக அழைத்து ஆறு வாரமாகிறது. உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை அத்தான் எங்களை இபோர் சிட்டிக்குக் கூட்டிச் சென்றார். கோழிகள் வீதியிலே திரிகின்ற ஊர் அது. மழைக்கு ஒதுங்கப் போய், ஆறு தோல் நாற்காலிகள் மட்டும் போட்டிருந்த ஒரு சிறிய சுருட்டுக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். வாசலோரத்தில் கியூபாக்காரரான ஒரு முதியவர், பிடியில்லாத பிறைக் கத்தியால் மேலிலையை ஒரே இழுப்பில் வெட்டி, உள்ளிலைக் கட்டின்மேல் சரிவாகச் சுற்றி, நுனியில் விரலால் ஒரு பொட்டுப் பசை தடவி மூடிக்கொண்டிருந்தார். அப்பப்பாவின் கை அப்படியே. கொக்குவிலில் எங்கள் சுருட்டுக் கொட்டிலின் மணமும் அதுவே.

சுவரில் ஒரு பழைய படம் இருந்தது: உயர்ந்த மேடையில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, கீழே வரிசை வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றுகிறார்கள். 1885இல் சுருட்டு முதலாளி விசென்டே மார்டினெஸ் இபோர் 40 ஏக்கர் வாங்கித் தொடங்கிய அந்த ஊரில், வாசிப்பவருக்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து சம்பளம் கொடுத்தார்களாம். செய்தியும் கேட்டார்கள், நாவலும் கேட்டார்கள். 1891இல் ஹொசே மார்த்தி கியூபாவின் விடுதலைக்காக ஆதரவு தேடி வந்து பேசியதும் இவர்களிடம்தான். 1931இல் முதலாளிமார் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் கொட்டிலில் வாசித்தவன் நான். பன்னிரண்டு வயதில் வீரகேசரி, ஈழநாடு பத்திரிகைகளைக் கடைசிச் சுற்றுக்காரனுக்கும் கேட்கும்படி வாசிப்பேன். உனக்கும் அந்தக் குரல்தான்; பேச்சுப் போட்டியில் நீ முதலாவதாக வந்த அன்று நான் பட்ட பெருமையை உன்னிடம் சொன்னதில்லை. கடைசி அழைப்பில் அந்தக் குரல் மூன்று முறை நடுவில் நின்றது. தடிமன் என்றாய். ஒருமுறை வைத்தியரிடம் காட்டு.

அப்பப்பா இருமும்போது நான் வாசிப்பை நிறுத்தி, ஓய்ந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்வேன். பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அந்த இருமல் கூடியிருந்தது. அவரும் தடிமன் என்றார். நான் நம்பவில்லை, நம்பியவன்போல் இருந்தேன், ஏனென்றால் நம்பாவிட்டால் ஆசுபத்திரிக்கு நான்தான் கூட்டிப் போயிருக்க வேண்டும், எனக்கோ சோதனை இருந்தது. இதை அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை, தம்பி.

மார்கழியில் நீ விட்டுச் சென்ற மேலங்கியை அம்மா துவைக்க எடுத்தபோது, பையிலிருந்த லைட்டரை நான் முந்தி எடுத்துவிட்டேன். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. வைத்தியரிடம் காட்டு, அவ்வளவுதான்.

அந்த முதியவர் ஒரு சுருட்டை என்னிடம் நீட்டினார். வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் இரவு எட்டு மணிக்கு அழைப்பேன். எடு. அம்மா பக்கத்தில் இருக்கமாட்டா.

அன்புடன்,
அப்பா