செந்திலுக்கு: கடன் நினைவூட்டல் சோதனை குறித்து

கோயம்புத்தூர்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதமும், கடைக்காரர்கள் கடன் கணக்கு வைத்துக்கொள்ளும் உன் செயலியின் ஸ்கிரீன்ஷாட்களும் கிடைத்தன. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கு அனைவரும் நலம். மூத்தவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் வீடுதான் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

பற்று வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் தானாகவே நினைவூட்டல் போகும் வசதியை முதலில் மதுரைக் கடைகளுக்குக் கொடுத்து, திருச்சிக் கடைகளோடு வசூலை ஒப்பிடப் போவதாக எழுதியிருந்தாய். வசதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்பிடும் முறைதான் பிடிக்கவில்லை. சித்திரைத் திருவிழாச் சமயத்தில் மதுரையில் வியாபாரம் எப்படிப் புரளும் என்பது உனக்குத் தெரியாததல்ல. வசூல் கூடினால் அது செய்தியாலா திருவிழாவாலா என்று பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு ஊர்க் கடைகளையும் ஒரே பட்டியலில் போட்டு, சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிக்கு மட்டும் வசதியைத் திறந்துவிடு. வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்துவிடாதே. ஒரே கடையில் கடன் வைத்திருக்கும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களில் ஒருவருக்குச் செய்தி வந்து மற்றவருக்கு வராமல் போனால், கடைக்காரர் ஆள் பார்த்துக் கேட்கிறார் என்ற பேச்சு மறுநாளே கிளம்பிவிடும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது, நீ எதை வெற்றி என்று கணக்கிடப் போகிறாய் என்பது. ஒரு வாரத்தில் திரும்பி வந்த கடன் தொகையை மட்டும் பார்ப்பதாகச் சொல்கிறாய். கோகோ கோலா நிறுவனம் 1985 ஏப்ரல் 23 அன்று தன் பானத்தின் சுவையை மாற்றி வெளியிட்ட கதை உனக்கு நினைவிருக்கும். கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லிச் சோதித்த பிறகே அதை வெளியிட்டார்கள். ஆனாலும் எதிர்ப்பு தாங்காமல், ஜூலை 11 அன்றே பழைய பானம் திரும்ப வரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. சோதனையில் கேட்டது எது சுவையாக இருக்கிறது என்பதை. பழைய பானம் இனி கிடைக்காது என்றால் என்ன நினைப்பீர்கள் என்பது அந்தச் சோதனை அளந்த விஷயமே அல்ல. உன் சோதனையிலும் அப்படி ஒன்று விடுபட்டிருக்கிறது. கடனைக் கட்டிவிட்டு அடுத்த மாதம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிற வாடிக்கையாளர் உன் ஒரு வாரக் கணக்கில் வெற்றியாகவே பதிவாவார். குறைந்தது இரண்டு சம்பளத் தேதிகள் கடக்கும்வரை, அவர்கள் மறுபடி அதே கடையில் வாங்குகிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்.

உன் திரைகளை எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகத் தள்ளிப் பார்த்தவர், தானாக அனுப்பும் பட்டனுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த நீள நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டி, "இவங்க வீட்டுல அடுத்த வாரம் கல்யாணம். இப்பப் போய்க் கேக்கலாமா? ஒண்ணாம் தேதிக்கு மேல அவரே கொண்டுவந்து குடுத்துருவாரு" என்றார். யாரிடம் எப்போது கேட்கக் கூடாது என்பதுதான் அந்த நோட்டின் பாதி விஷயம். அது உன் செயலியில் எங்கும் இல்லை.

அதனால்தான், மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும், அதுவும் கடைக்காரர் பார்த்து ஒப்புக்கொண்ட பெயர்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்று உன் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் சொன்னதை நீங்கள் ஒதுக்கிவிட்டது எனக்கு வருத்தம். மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைச் சற்று நீட்டிக் காட்டலாம் என்று ஊழியர் ஒருவர் சொன்ன யோசனை ஆறு மாதத்துக்கும் மேலாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2012இல் ஒருவழியாகச் சோதித்தபோது வருவாய் 12 சதவீதம் உயர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். அந்தப் பையனின் யோசனையை மூன்றாவது பிரிவாகச் சேர்த்துக்கொள். கடைகள் கூடுதலாகத் தேவைப்படும், காலமும் பிடிக்கும், ஆனாலும் சேர்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். உன் செயலியைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டவர் கடைக்காரர். செய்தியைப் பெறப் போகிறவர் உன்னிடம் எதற்கும் ஒப்புக்கொள்ளாத ஒருவர். 2012 ஜனவரியில் பேஸ்புக் 6,89,003 பேரின் பக்கங்களில் தோன்றும் பதிவுகளை அவர்களுக்குச் சொல்லாமலே ஒரு வாரம் மாற்றிப் பார்த்தது. 2014இல் அந்த ஆய்வு வெளியானபோது எழுந்த கண்டனம், அதை வெளியிட்ட ஆய்விதழே தன் கவலையைப் பதிவுசெய்யும் அளவுக்குப் போனது. முதல் செய்தியிலேயே, இனி வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வைத்துவிடு. எத்தனை பேர் அதைத் தொடுகிறார்கள் என்பதும் உனக்கு ஒரு கணக்குதான்.

தினமும் காலையில் வசூல் எண்ணைத் திறந்து பார்க்கும் உன் பழக்கம் எனக்குத் தெரியும். 5 சதவீதத் தவறுக்கு இடம் கொடுத்து வைத்த சோதனையை இடையிடையே பத்து முறை பார்த்து, சாதகமாகத் தெரிந்த நாளில் நிறுத்திக்கொண்டால், பலனே இல்லாததைப் பலன் என்று நம்பும் வாய்ப்பு 19 சதவீதத்துக்கு ஏறிவிடும். முடிவு தேதியை இப்போதே குறித்துவிடு. செய்தி தவறான எண்ணுக்குப் போவது, தொகை மாறிப் போவது போன்ற கோளாறுகளுக்காக மட்டும் இடையில் பார். அதற்கென வசதியை ஒரே நொடியில் மூடும் வழியும் கையில் இருக்கட்டும். முதல் வாரம் உனக்கு நன்கு பழக்கமான சில கடைகளோடு நிறுத்திக்கொள்.

சோதனையைத் தொடங்குமுன் ஒரு தாளில் பிரிவுகளையும் முடிவு தேதியையும், வாடிக்கையாளர் வருகை எவ்வளவு குறைந்தால் இந்த வசதியையே கைவிடுவாய் என்ற எண்ணையும் எழுதி எனக்கு அனுப்பு. அந்த எண்ணைப் பற்றி உன் பங்குதாரர் சண்டை பிடிப்பார். அந்தச் சண்டை முடிந்த பிறகு அனுப்பினாலும் போதும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
முருகேசன்